‘நோர்மல்’ என்ற சொல்லுக்குள் எத்தனை பாகை?

புதிதாக வாங்கிய பிக்கப்பில் ஏசி வடிவாகக் குளிரவில்லை என்று ஒருவர் சொன்னால் எங்கள் ஊரில் அவருக்குக் கிடைக்கிற பதில்கள் மூன்று. முதலாவது, "இந்தக் காலத்தில வாகனம் வாங்கக் கிடைச்சதே பெரிய காரியம், அதுக்குள்ள குளிரும் கேக்குதோ?" இரண்டாவது, "நாங்கள் சைக்கிளில பத்து மைல் மிதிச்சனாங்கள்." மூன்றாவது பதில் வாகனத்தை விற்ற இடத்திலிருந்து வரும்: "அண்ணை, இது நோர்மல்தான்."

முதல் இரண்டையும் சிரித்துவிட்டுப் போகலாம். மூன்றாவதைப் பற்றித்தான் இங்கே கதைக்கப் போகிறோம். முதல் இரண்டும் வாயால் வந்து காற்றோடு போய்விடும். மூன்றாவது ஒரு தாளில் எழுதப்பட்டு, கீழே கையெழுத்து வாங்கப்பட்டு, ஒரு கோப்புக்குள் போய் இருந்துவிடும்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு ஏசியைப் பற்றி என்ன கதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாங்கள் படிக்கிற மண்டபங்களில் பேன் சுத்தினாலே அது நல்ல நாள். ஆனால் சொற்களைப் பற்றி யோசிக்கத்தானே எங்களைப் படிப்பிக்கிறார்கள்? ‘நோர்மல்’ ஒரு சொல். அதை யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், சொன்ன பிறகு என்ன நடக்காமல் போகிறது என்று பார்ப்பது எங்கள் வேலைதான். மற்றதை, அதாவது எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கிற விசயங்களை, கராஜ் வேலை தெரிந்தவர்களிடம் கேட்டுப் படித்துக்கொண்டோம்.

நடந்தது என்ன

எங்கள் குழுவில் ஒருவரின் மாமா கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறார். தோட்டக்காரரிடம் மரக்கறி எடுத்துத் தம்புள்ளைக்குக் கொண்டு போவார். திரும்பி வரும்போது கடைகளுக்குச் சாமான் ஏற்றி வருவார். இடையில் ஹயர் வந்தால் அதுவும் ஓடுவார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, அவருடைய பழைய கெப்பை ஒட்டியும் கட்டியும் ஐந்து வருசம் இழுத்தார். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. விலையும் வரியும் தெரிந்த கதைதான். ஒரு காணித்துண்டை ஈடு வைத்து, மிச்சத்துக்கு லீசிங் போட்டு, ஒரு புது டபுள் கெப் எடுத்தார். ஷோரூமில் சாவி வாங்குகிற போட்டோவைக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டதுக்கு வந்த வாழ்த்துக்கள் ஒரு கலியாணத்துக்கு வருகிறதை விடக் கூட.

இரண்டாம் கிழமையே அவருக்கு விளங்கிவிட்டது. காலையில் பரவாயில்லை. பத்து மணி தாண்டினால் குளிர் குறையும். ஏ9 இல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதோ சமாளிக்கும், வவுனியா நகருக்குள் நெரிசலில் நின்றால் வாயால் வருவது வெறும் பேன் காற்று. பின் இருக்கையில் இருக்கிறவர்களுக்கு அதுவும் இல்லை.

மூன்று தரம் கொண்டு போய்க் காட்டினார். முதல் தரம், "புது வாகனம்தானே, கொஞ்சம் ஓடி செட் ஆகட்டும்." இரண்டாம் தரம், "வெளியில சரியான வெயில் அண்ணை, இது நோர்மல்." மூன்றாம் தரம், "இந்த மொடல் எல்லாமே இப்பிடித்தான்." மூன்று தரமும் ஒரு ஜொப் கார்ட் நீட்டப்பட்டது, மூன்று தரமும் கையெழுத்து வைத்தார். வாகனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து என்றுதான் அவரிடம் சொல்லப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மருமகள் வாசித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது: ஏசி பரிசோதிக்கப்பட்டது, இயல்பாக இயங்குகிறது, வாடிக்கையாளருக்கு விளக்கமளிக்கப்பட்டது.

விளக்கமளிக்கப்பட்டதாம். அவருக்குக் கிடைத்த முழு விளக்கமும் ஒரு சொல்.

உண்மையிலேயே எது இயல்பு?

ஏசியில் இயல்பான பலவீனம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை ஒத்துக்கொள்ளாமல் முறைப்பாடு சொல்லப் போனால் எங்களுக்குத்தான் தோல்வி.

பலர் நினைப்பது போல ஏசி குளிரை உண்டாக்குகிற சாமான் இல்லை. உள்ளே இருக்கிற வெப்பத்தை அள்ளி வெளியே கொண்டு போய்க் கொட்டுகிற சாமான். டாஷ்போட்டுக்குப் பின்னால் இருக்கிற எவபொரேற்றரில் காஸ் ஆவியாகி உள்ளே உள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற கொம்பிரசர் அதை அமுக்கி, முன்னுக்கு றேடியேற்றருக்கும் முன்னால் இருக்கிற கொண்டென்சருக்கு அனுப்பும். அங்கே வெளிக்காற்றுப் பட்டு வெப்பம் இறங்கும். பிறகு திரும்ப உள்ளே. இதுதான் சுற்று.

இதிலிருந்து சில விசயங்கள் தானாகவே விளங்கும். வாகனம் நிற்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றும், கொம்பிரசரும் மெதுவாகச் சுற்றும். ஓட்டத்தில் அடிக்கிற காற்றும் கொண்டென்சருக்குக் கிடைக்காது, பேன் இழுக்கிறதுதான். ஆகவே நெரிசலில் குளிர் கொஞ்சம் குறைவது இயல்பு.

வெயிலில் நிறுத்திய வாகனம் இன்னொரு கதை. கண்ணாடி பூட்டிய வாகனத்துக்குள் ஒரு மணித்தியாலத்துக்குள் வெளிச்சூட்டை விடச் சுமார் 20 பாகை கூடிவிடும், அதில் பெரும்பகுதி முதல் அரை மணித்தியாலத்திலேயே ஏறிவிடும். இருக்கை, ஸ்டியரிங், டாஷ்போட் எல்லாம் அந்தச் சூட்டைக் குடித்து வைத்திருக்கும். ஏசியைப் போட்ட முதல் ஐந்து பத்து நிமிடம் அது காற்றோடு சண்டை பிடிப்பதில்லை, சூடேறிய பிளாஸ்டிக்கோடும் இருக்கையோடும்தான் சண்டை. அதுவும் இயல்பு.

மூன்றாவது, எங்கள் காற்றில் இருக்கிற ஈரம். எவபொரேற்றரில் காற்றில் உள்ள நீராவி தண்ணீராகிச் சொட்டும். வாகனத்துக்குக் கீழே சொட்டுகிற தண்ணி அதுதான், பயப்படத் தேவையில்லை. ஆனால் ஒரு லீற்றர் தண்ணியை இப்படி ஆவியிலிருந்து இறக்குவதற்கு ஏசி எடுக்க வேண்டிய வெப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஏறத்தாழ ஏழு எட்டு லீற்றர் பச்சைத் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டு போகிற அளவு. எங்கள் கடற்கரைப் பக்கத்துப் புழுக்கத்தில் ஏசியின் உழைப்பில் ஒரு பெரிய பங்கு குளிராக்குவதற்கு முன் காற்றை உலர்த்துவதற்கே போய்விடும்.

ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் எங்கள் தீவுக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த நாட்களில் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுவதைக் கேட்டிருப்பீர்கள். நிழலில் 34 பாகை என்றாலும் ஈரத்தோடு சேர்ந்து உடம்புக்கு அது 40 தாண்டித் தெரியும். அப்படியான மத்தியானத்தில் எந்த வாகனமும் பனிமலை ஆகாது.

இவ்வளவுக்குத்தான் ‘நோர்மல்’ என்ற சொல்லுக்கு இடம் இருக்கிறது. இதற்கு அப்பால் போனால் அது நோர்மல் இல்லை, பழுது. கோடு எங்கே என்று சொல்வதற்கு ஒரு தெர்மோமீற்றர் போதும்.

கையால் தொட்டுப் பார்க்கிறது பரிசோதனை ஆகாது

மாமாவின் வாகனத்தை மூன்று தரம் ‘பரிசோதித்தபோதும்’ நடந்தது இதுதான்: ஒருவர் ஏறி இருந்தார், ஏசியைப் போட்டார், வாயில் கையை வைத்தார், "குளிருதுதானே" என்றார். அதுவும் காலை எட்டரைக்கு, நிழலில். பிழை தெரிவது மத்தியானம், நெரிசலில். பல்லு நோகுது என்று போனவரை வாயைத் திறக்கச் சொல்லாமலே அனுப்பின மாதிரி.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். குத்திப் பார்க்கிற டிஜிட்டல் தெர்மோமீற்றர் ஒன்றை வாங்கினோம். மத்தியானம், மரநிழலில், கதவு கண்ணாடி எல்லாம் பூட்டி, ஏசியை அடிமட்டக் குளிரில் வைத்து, உள்காற்றையே சுற்ற விடுகிற பொத்தானை அமத்தி, பத்து நிமிடம் விட்டோம். நடு வாயில் தெர்மோமீற்றரைச் சொருகி எண்ணைக் குறித்தோம். பிறகு 50 கிலோமீற்றர் வேகத்தில் பத்து நிமிடம் ஓடிக் குறித்தோம். ஒவ்வொரு தரமும் வெளிச்சூட்டையும் நேரத்தையும் எழுதி, போட்டோவும் எடுத்தோம்.

நல்ல நிலையில் இருக்கிற ஏசியின் நடு வாயிலிருந்து பொதுவாக 5 முதல் 10 பாகைக் காற்று வர வேண்டும். கடும் புழுக்கத்திலும், நின்றுகொண்டிருக்கும்போதும் சில பாகை கூடலாம். மாமாவின் வாகனத்தில் ஓடும்போது 17. நிற்கும்போது 24.

"இந்த மொடல் எல்லாமே இப்பிடித்தான்" என்ற வசனத்துக்கும் ஒரு சோதனை வைக்க வேண்டியிருந்தது. அதே மொடல், அதே வருசம் வைத்திருக்கிற இன்னொருவரைத் தேடிப் பிடித்தோம். ஒரே மரத்துக்குக் கீழே, ஒரே மத்தியானம், இரண்டு வாகனமும் பக்கத்தில் பக்கத்தில். அவருடையது நிற்கும்போது 13. மாமாவுடையது 24. 11 பாகை வித்தியாசம். ‘எல்லாமே இப்பிடித்தான்’ என்ற கதை அந்த மரத்துக்குக் கீழேயே முடிந்தது.

எண்கள் இன்னொன்றும் செய்யும், பழுது எந்தப் பக்கம் என்று கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். ஓடும்போது நல்ல குளிர், நின்றால் மட்டும் சூடு என்றால் கொண்டென்சரின் பேனைப் பார்க்க வேண்டும், அல்லது கொண்டென்சரில் அப்பியிருக்கிற தூசி பூச்சியைப் பார்க்க வேண்டும். ஓடும்போதும் நிற்கும்போதும் சூடு என்றால் காஸ் குறைவு, அல்லது கொம்பிரசர். முதலில் நல்ல குளிர், ஒரு மணித்தியாலத்தில் காற்றே குறைந்து, பத்து நிமிடம் நிப்பாட்டிப் போட்டால் திரும்ப வருகிறது என்றால் எவபொரேற்றரில் பனிக்கட்டி பிடிக்கிறது. காற்றே முதலிலிருந்து மந்தம் என்றால் உள்காற்று பில்டரைக் கழட்டிப் பாருங்கள். பல வாகனங்களில் அது டாஷ்போட் லாச்சிக்குப் பின்னால்தான். வன்னி றோட்டுத் தூசிக்கு அது புத்தகத்தில் சொன்ன காலம் வரை தாங்காது. சூட்டுக்காற்றையும் குளிர்காற்றையும் கலக்கிற உள்மடல் சரியாகப் பூட்டாவிட்டாலும் குளிர் கெட்டுப்போகும்.

இதில் ஒன்றை மட்டும் எல்லாரும் நினைவில் வைத்திருங்கள். "காஸ் முடிஞ்சுது, அடிச்சால் சரி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏசி காஸ் பெற்றோல் மாதிரி எரிந்து முடிகிறதில்லை. மூடிய சுற்றுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். பல வருசத்தில் மெல்ல மெல்லக் கசிவது வேறு. இரண்டு மாசப் புது வாகனத்தில் காஸ் குறைந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, அல்லது வரும்போதே குறைவாக அடித்திருக்கிறார்கள். ஓட்டையைத் தேடாமல் காஸை மட்டும் அடித்து அனுப்புவது, ரயரில் ஆணி இருக்கக் காற்று அடிக்கிற வேலை. அதோடு, பல வாகனங்களில் இருக்கிற ஆர்134ஏ காஸ், ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ பார்த்தால், காபனீரொட்சைட்டை விட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. காலநிலை பற்றிக் கட்டுரை எழுதுகிற நாங்கள் ஏசிக்காகச் சண்டை பிடிக்கலாமா என்று குழுவுக்குள்ளேயே ஒரு கேள்வி வந்தது. கசிகிற ஏசியை ‘நோர்மல்’ என்று விடுவதுதான் கூடக் கேடு என்பது எங்கள் பதில்.

நான்காம் தரம் மாமா எண்கள் எழுதின தாளோடும் போட்டோக்களோடும் போனார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதையும் நோர்மல் எண்டு எழுதித் தருவீங்களோ? எத்தினை பாகை வரைக்கும் நோர்மல் எண்டு எண்ணையும் எழுதித் தாங்கோ." எழுதித் தரவில்லை. மேலாளர் வந்தார். ஒளிர்கிற சாயம் விட்டுக் கசிவு தேடினார்கள். கொண்டென்சரில் குழாய் பொருத்துகிற இடத்தில் ஒரு றப்பர் வளையம் சரியாக இருக்கவில்லை. மாற்றி, காஸை அளந்து அடித்து, ஒரு காலைப் பொழுதுக்குள் வேலை முடிந்தது. வாரண்டியில்தான், ஒரு சதம் எடுக்கவில்லை. விரல் நகம் அளவு வளையம். அதற்குப் போன காலம் 11 கிழமை.

பதினொரு கிழமை ஏன் முக்கியம்

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்கிய பொருளைப் பற்றி அதிகார சபைக்கு முறைப்பாடு செய்கிறதென்றால் எழுத்தில் செய்ய வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். விசாரித்துப் பார்த்து விற்றவரில் பிழை என்று கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடுகிற அதிகாரம் சபைக்கு உண்டு. சபையின் தொலைபேசி இலக்கம் 1977. அதற்கும் நெடுங்காலம் முதல், 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. விற்கிற பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் நாட்டுச் சட்டத்துக்குள் வந்து 100 வருசத்துக்கு மேல்.

இப்போது கணக்குப் பாருங்கள். மூன்று மாதம் என்றால் 13 கிழமை. மாமாவுக்கு மூன்று ‘நோர்மல்’ சொல்லி 11 கிழமை போய்விட்டது. நான்காவது ‘நோர்மல்’ ஒன்று கிடைத்திருந்தால், சட்டம் கொடுத்த அந்தக் கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டிருக்கும். பிறகு சபைக்கு எழுதியிருந்தாலும், அங்கே மூன்று ஜொப் கார்ட் அவருக்கு எதிராக நின்றிருக்கும்: இயல்பாக இயங்குகிறது, வாடிக்கையாளருக்கு விளக்கமளிக்கப்பட்டது, கீழே அவருடைய கையெழுத்து.

யாரும் கூடி இருந்து திட்டம் போட்டு இதைச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கவுண்டரில் இருக்கிற தம்பிக்கும் தங்கச்சிக்கும் எங்கள் வயதுதான். வாரண்டி வேலை கூடினால் மேலிடத்தில் கேள்வி வரும், நோர்மல் என்று எழுதினால் கேள்வி வராது. அவர்களுக்கும் அந்தச் சொல் ஒரு நிழல். நாங்கள் படித்து முடித்து நாளைக்கு அந்தக் கவுண்டருக்குப் பின்னால் இருந்தால் நாங்களும் அதைத்தான் சொல்லப் பழக்கப்படுவோம். அதனால்தான் ஆளைத் திட்டாமல் சொல்லைப் பிடித்திருக்கிறோம்.

மொழி விசயமும் இதற்குள் இருக்கிறது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டில் ஓர் அரச கரும மொழி ஆனது. அரச அலுவலகத்தில் ஆங்கிலப் படிவம் நீட்டினால் இப்போது கேள்வி கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். தனியார் கவுண்டரில் அந்தக் கேள்வி எங்கே போகிறது? காணியை ஈடு வைத்து வாங்குகிற ஒரு சாமானைப் பற்றிய தாளைத் தன் மொழியில் வாசிக்க முடியாமல் ஒருவர் கையெழுத்து வைக்கிறார். விற்கும்போது விளம்பரம் நல்ல தமிழில் வருகிறது. பழுது என்று போனால் தாள் ஆங்கிலத்தில் வருகிறது. விளம்பரத்துக்கு ஆள் பிடிக்க முடிந்தவர்களுக்கு ஜொப் கார்ட்டில் நாலு வரி தமிழில் எழுதுவதற்கு ஆள் கிடைக்காதா?

"ஏசி ஒரு ஆடம்பரம்தானே?"

இந்தக் கேள்வியைத் தட்டிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. எங்கள் வீதிகளில் பிக்கப் என்றால் அது எப்போதும் யாரோ பெரியவர்களின் வாகனம். சுனாமிக்குப் பிறகும் யுத்தம் முடிந்த பிறகும் நிறுவனக்காரர் வந்து இறங்கிய வெள்ளை டபுள் கெப், அரசியல்வாதியின் கறுப்புக் கண்ணாடி டபுள் கெப். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு "பிக்கப்பில ஏசி குளிரேல்லை" என்பது பணக்காரப் புலம்பலாகக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. அதே வாகனத்தின் பின் பெட்டியில் வெயிலுக்குள் ஆட்கள் குந்தியிருந்து வேலைக்குப் போவதையும் நாங்கள் தினம் பார்க்கிறோம்.

ஆனால் ஓட்டுகிறவரை ஒருதரம் பாருங்கள். அவருக்கு அது வேலைத்தலம். தம்புள்ளை போய் வருகிற நாளில் அவர் அதற்குள் இருக்கிற நேரம் ஒரு அலுவலக நாளை விடக் கூட. இரவு நித்திரை இல்லாமல் சந்தைக்கு ஓடி, பகலில் திரும்பி வரும்போதுதான் வெக்கை உச்சத்தில் நிற்கும். வெக்கை நித்திரைத் தூக்கத்தைக் கொண்டு வரும், கவனத்தைக் குறைக்கும், தேவையில்லாத கோபத்தையும் கொண்டு வரும். ஏ9 இல் அந்த ஒரு கணத்துக்கு என்ன விலை என்று எங்கள் ஊர்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடலாம்தான், தாத்தாமார் ஓடினவைதான். அவர்கள் வாங்கின வாகனத்தின் விலைக்குள் ஏசி இருக்கவில்லை. மாமா வாங்கினதற்குள் இருந்தது. காசு கொடுத்து வாங்கினது வேலை செய்ய வேண்டும் என்பது ஆடம்பரம் என்றால், அரைக் கிலோ சீனிக்குக் காசு கொடுத்துவிட்டுக் கால் கிலோ வாங்கி வருவதும் எளிமை என்று ஆகிவிடும்.

பின் பெட்டியில் இருக்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னுக்கு இருக்கிறவர் தன் ஏசிக்காக வாய் திறக்கக் கூடாது என்று ஆக்குவதால் பின்னுக்கு இருக்கிறவருக்கு ஒரு குடையும் கிடைக்கப் போவதில்லை. வெக்கையைப் பொறுத்துக்கொள்வதுதான் நல்ல குணம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தால், தோட்டத்தில் மத்தியானம் வேலை வாங்குகிறவருக்கும், விசிறி இல்லாத வகுப்பறையில் சோதினை வைக்கிறவருக்கும் அதே ‘நோர்மல்’ கைகொடுக்கும். சூடு ஏறிக்கொண்டு போகிற இந்த நாட்களில் எங்களுக்கு அந்தச் சொல்லில்தான் பயம்.

ஆகவே சொல்லுறம்

புது வாகனம் எடுத்தவர்கள், எடுக்கப் போகிறவர்கள் செய்யக்கூடியது சில இருக்கிறது. ஏறியவுடன் இரண்டு நிமிடம் கண்ணாடிகளை இறக்கி ஓடி, கொதிக்கிற காற்றை வெளியே விடுங்கள். பிறகு பூட்டி, உள்காற்றைச் சுற்ற விடுங்கள். ஆனால் நாலைந்து பேர் இருக்கிற தூரப் பயணத்தில் இடைக்கிடை வெளிக்காற்றையும் எடுங்கள்; மூச்சுக்காற்றே திரும்பத் திரும்பச் சுற்றினால் தலை மந்தமாகும், ஓட்டுகிறவருக்கு அது கூடாது. எஞ்சினையும் ஏசியையும் போட்டுக்கொண்டு பூட்டிய வாகனத்துக்குள் நித்திரை கொள்ளவே வேண்டாம். புகை உள்ளே வந்தால் ஆளுக்குத் தெரியாமலே உயிர் போகும். நிழல் கிடைத்தால் நிழலில் நிறுத்துங்கள், கண்ணாடிக்கு மறைப்புப் போடுங்கள்.

இவ்வளவும் செய்தும் குளிரவில்லையென்றால் முதல் கிழமையிலேயே அளந்து எழுதுங்கள். மத்தியானத்தில், அவர்களுக்கு முன்னாலேயே அளக்கச் சொல்லுங்கள். ஜொப் கார்ட்டில் ‘நோர்மல்’ என்று இருந்தால் அதற்குப் பக்கத்தில் எண்ணை எழுதக் கேளுங்கள். எழுத மறுத்தால், "எனக்குத் திருப்தி இல்லை" என்று தமிழிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். வாசிக்க விளங்காத தாளை வீட்டுக்குக் கொண்டு வந்து பிள்ளைகளிடம் காட்டுங்கள், அதற்குத்தானே எங்களைப் படிக்க வைத்திருக்கிறீர்கள். திகதியை எண்ணிக்கொண்டே இருங்கள். இரண்டாம் மாதம் முடிகிறபோதும் பழுது அப்படியே இருந்தால் அதிகார சபைக்கு எழுதுங்கள், மூன்றாவது மாதத்தைச் சமாதானக் கதைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

விற்கிறவர்களிடம் நாங்கள் கேட்பது மூன்று. ஏசி முறைப்பாடு வந்தால் கையால் தொடாமல் கருவியால் அளவுங்கள். அளந்த எண்ணைத் தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை வாங்குகிறவரின் மொழியில் கொடுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஆகிற செலவு, ஷோரூம் வாசலில் கட்டுகிற ஒரு பலூன் வளைவின் செலவுக்குள் அடங்கும்.

மாமாவின் வாகனம் இப்போது நிற்கும்போது 12 காட்டுகிறது. தெர்மோமீற்றரை அவர் திருப்பித் தரவில்லை. ஊரில் இன்னும் இரண்டு பேர் அதை இரவல் வாங்கிப் போயிருக்கிறார்களாம்.